இரட்டை ஜடையும் ஒற்றைச் சட்டமும்

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஸ்கூல் குரூப் போட்டோ ஒன்று நிச்சயம் கிடக்கும். தூசி தட்டி எடுங்கள். பெண்கள் வரிசையை மட்டும் பாருங்கள். முகங்களை விட்டுவிட்டு, நெற்றி முடிந்து முடி ஆரம்பிக்கிறதே, அந்த ஓரத்தைப் பாருங்கள். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வகிடு. இரண்டு பக்கமும் எண்ணெய் வைத்து, சீப்பின் பல் தடம் தெரிகிற மாதிரி வழித்து வாரிய தலை. காதுக்குப் பின்னால் மடித்துக் கட்டிய இரட்டை ஜடை. அதில் ரிப்பன். நாற்பது பெண்கள் இருப்பார்கள். ஆனால் ஒரே தலைதான்.

அதில் ஒருத்தி இன்றைக்கு உங்கள் மனைவியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். இன்றைய முகத்தையும் அந்தப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெற்றி ஒரு விரற்கடை மேலே ஏறியிருக்கிறதா? நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் தோல் தெரிகிறதா? வகிடு அகலமாகிவிட்டதா?

கேட்டால் காரணம் சொல்வார்கள். "போர் தண்ணி சரியில்லை." "மெட்ராஸ் வந்ததுலேர்ந்துதான்." "பிள்ளை பெத்ததுக்கப்புறம் கொட்டிடுச்சு." "எங்க அத்தைக்கும் இப்படித்தான், பரம்பரை." இதில் சிலது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பத்து வருஷம், தினம் காலையில், அதே இடத்தில், அதே திசையில் இழுத்துக் கட்டினோமே என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் பாவம், அது எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்கிறது.

நானும் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தவன்தான். போன வருஷம் என் மகள் எட்டாம் வகுப்புக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்து விடும்போது என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து இவ நெத்தியப் பாருங்க."

பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இரண்டு நெற்றிப்பொட்டிலும் முடி அடர்த்தி குறைந்து, ஐம்பது வயதுக்காரர் மாதிரி ஏறியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டு பாத்ரூமில் நடந்தது ஒரு வேதியியல் பரிசோதனை. செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு. வெங்காயம் தேய்த்த வாரத்தில் பள்ளியில் பக்கத்தில் உட்காருகிற பெண் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். மாமியார் ஊரிலிருந்து காய்ச்சிய எண்ணெய் வந்தது. டி.வி.யில் காட்டுகிற பாட்டில்கள் மூன்று வந்தன. முடி வரவில்லை.

கடைசியில் தோல் டாக்டர். அந்தம்மா ஷாம்பூ என்னவென்று கேட்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. "ஜடை யாரும்மா போட்டு விடறது?" என்றுதான் கேட்டார்.

"அம்மா."

"வலிக்குமா?"

என் மகள் அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு, "வலிக்கும். ஆனா லூசா போட்டுக்கிட்டுப் போனா ஸ்கூல்ல பி.டி. மிஸ் அவுத்துட்டு மறுபடி போட்டு விடுவாங்க. அது இதைவிட வலிக்கும்" என்றாள்.

டாக்டர் பேனாவை நெற்றி ஓரத்தில் வைத்துக் காட்டினார். நெற்றியை ஒட்டி மெல்லிசாக ஒரு வரிசைப் பூனை முடி இருக்கிறது. அதற்குப் பின்னால் காலி. அதற்கும் பின்னால் சாதாரண முடி. "இந்த ஓர முடி மட்டும் ஏன் தப்பிச்சுது தெரியுமா சார்? இது குட்டை. சீப்புக்கும் ரப்பர் பேண்டுக்கும் அகப்படலை. அகப்பட்டதெல்லாம் போயிடுச்சு." 2011-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் இதை ஓர் அடையாளமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். முன் ஓரத்தில் பூனை முடி மிச்சமிருந்து அதற்குப் பின்னால் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் அது இழுபட்டு உதிர்ந்தது. நோய்க்கு ட்ராக்‌ஷன் அலோபீசியா என்று பெயர்.

பெயர் பெரிதாக இருந்தாலும் சங்கதி எளிமையானது. வீட்டில் துணி காயப்போடக் கொடி கட்டியிருப்பீர்கள். கயிறு நைலான், அறுந்தே போகாது. தினம் ஈரத் துணியைப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் என்ன ஆகும்? கயிறு அறுவதில்லை. சுவரிலிருந்து ஆணி பெயர்ந்துகொண்டு வரும். முடியும் அப்படித்தான். ஆரோக்கியமான ஒற்றை முடி சுமார் 100 கிராம் எடையைத் தாங்கும் என்பார்கள். நம் தலையில் இருப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. கணக்குப் போட்டால் பத்து டன் வருகிறது. ஆனால் ஆணி அடித்திருக்கிற சுவர் உயிருள்ள தோல். தொடர்ந்து இழுத்தால் முடியின் வேர்ப்பை முதலில் வீங்கும். சின்னச் சின்னக் கொப்புளம் வரும், அரிக்கும், சிவக்கும். அப்போதே விட்டுவிட்டால் முடி திரும்பி வந்துவிடும். வருஷக் கணக்கில் விடாமல் இழுத்தால் வேர்ப்பை இருந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பில் முடி முளைக்காது. என்ன எண்ணெய் காய்ச்சினாலும் முளைக்காது.

டி.வி. விளம்பரங்களின் மீது எனக்கு இருக்கிற கோபம் இங்கேதான். முப்பது வருஷமாக அவர்கள் நமக்கு விற்பது கயிற்றின் பலத்தை. முடியை முறுக்கிக் காட்டுகிறார்கள், இழுத்துக் காட்டுகிறார்கள், 'வேர் முதல் நுனி வரை' என்கிறார்கள். நீல நிறத்தில் ஏதோ ஒரு துளி முடிக்குள் இறங்கி விரிசலை அடைக்கிறது. ஆணியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சொன்னால் பாட்டில் எப்படி விற்கும்? "கொஞ்சம் லூசாகக் கட்டுங்கள், தினம் இடத்தை மாற்றுங்கள்" என்பதற்கு விலை ஒட்ட முடியாது. பாருங்கள், அந்த விளம்பரங்களில் வருகிற பெண் ஒருத்தியாவது இரட்டை ஜடை போட்டிருக்கிறாளா? எல்லோரும் தலையை விரித்துப் போட்டு ஸ்லோ மோஷனில் திரும்புகிறார்கள். விரித்துப் போட்ட தலையைக் காட்டி, இழுத்துக் கட்டிய தலைகளுக்கு விற்கிறார்கள்.

நாம் கூந்தலைப் பற்றிப் பேசாத ஜனங்களா? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா இல்லையா என்று பாண்டியன் சபையில் கடவுளோடு மல்லுக்கு நின்ற புலவர் கதை நம்முடையது. 1965-ல் 'திருவிளையாடல்' படமாக வந்து, தருமியாக நாகேஷ் புலம்பிய புலம்பலை இன்றைக்கும் டி.வி.யில் பார்த்துச் சிரிக்கிறோம். கூந்தலுக்கு மணம் உண்டா என்று அவ்வளவு சண்டை போட்டவர்கள், அந்தத் தலைக்கு வலி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

உலகத்தில் வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். 1907-லேயே ருடால்ஃப் ட்ரெபிச் என்ற ஆஸ்திரியர் கிரீன்லாந்துப் பெண்களைப் பற்றி எழுதினார். அந்த ஊர்ப் பெண்கள் முடியை உச்சியில் இறுக்கிக் குடுமியாகக் கட்டுவார்கள். அவர்களுக்கு முன்தலையில் முடி இல்லாமல் போவதை அவர் கவனித்தார். பனிப் பிரதேசத்தில் போர் தண்ணீர் ஏது? தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுனில் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. முதல் வகுப்புச் சிறுமிகளில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பேருக்கு இருந்த பாதிப்பு, பள்ளியின் கடைசி வகுப்புக்கு வரும்போது நூற்றுக்கு இருபத்தியொன்றைத் தாண்டிவிட்டது. அவர்களின் முடி வேறு வகை, பின்னலும் வேறு, சுருளை நேராக்க ரசாயனமும் போடுகிறார்கள். அந்த எண்ணை அப்படியே தூக்கி நம்மூர்ப் பெண்கள் தலையில் வைக்க மாட்டேன். ஆனால் வகுப்பு ஏற ஏறப் பாதிப்பும் ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். நான் காமர்ஸ் படித்தவன். ஒரே எந்திரத்தைத் தினமும் ஒரே மாதிரி ஓட்டினால் வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் அந்தத் தேய்மானத்தைத் தன் கணக்கில் எழுதுவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது பெண்களுக்கு மட்டும் வருகிற தொல்லை என்று நினைக்க வேண்டாம். தலைப்பாகைக்குள் முடியை உச்சியில் இறுக்கி முடிகிற சீக்கிய ஆண்களுக்கும் வருவதை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். தோலுக்கு ஆண் பெண் தெரியாது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். டாக்டர் சொன்னதைச் சொல்லி, கொஞ்சம் தளர்வாக, ஒற்றை ஜடையாகப் போட்டு அனுப்பலாமா என்று கேட்கப் போனேன். தலைமை ஆசிரியை பொறுமையாகத்தான் பேசினார். அவர் சொன்ன காரணங்களை நியாயமாகவே இங்கே எழுத வேண்டும்.

முதல் காரணம், பேன். தலைவிரியாக இருந்தால் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குத் தாவும். (பேன் தாவாது, ஊரும். இருந்தாலும் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது.) இரண்டாவது, லேபில் பர்னர் எரியும்போது முடி விழுந்தால் ஆபத்து. சரி. மூன்றாவது காரணத்தை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "சார், நூறு ரூபாய் க்ளிப் போடற பொண்ணும் இருக்கா, ரெண்டு ரூபாய் ரப்பர் பேண்டு போடற பொண்ணும் இருக்கா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தெரியணும். அதுக்குத்தான் ரிப்பன்."

மூன்றும் நல்ல காரணங்கள். ஆனால் இந்த மூன்றில் எதற்காவது இறுக்கம் தேவைப்படுகிறதா? பேன் வராமல் இருக்க முடி கட்டியிருந்தால் போதும். பர்னரில் விழாமல் இருக்கவும் கட்டியிருந்தால் போதும். சமத்துவத்துக்கும் நெற்றிப்பொட்டில் தோல் விண்விண் என்று தெறிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதைச் சொன்னபோது அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "லூசா விட்டா மத்தியானத்துக்குள்ள அவுந்துடும் சார். பாக்க நல்லாருக்காது. டிசிப்ளின் போயிடும்" என்றார்.

அதுதான் நிஜமான காரணம். நம் காவியங்களில் கூந்தலை விரித்த பெண்கள் இரண்டு பேர் பிரபலம். ஒருத்தி மதுரையை எரித்தாள். இன்னொருத்தி குருக்ஷேத்திரம் முடிகிற வரைக்கும் முடியவில்லை. அவிழ்ந்த கூந்தலைப் பார்த்தால் நம் தலைமை ஆசிரியைகளுக்கு அடிவயிற்றில் லேசாகப் பயம் வருவதில் ஆச்சரியமில்லை! ஜப்பானில் இதற்கு நேர் எதிர். சில பள்ளிகளில் குதிரைவால் போடவே தடை இருந்தது, கழுத்து தெரிகிறதாம். 2022-ல் இது பத்திரிகைகளில் வந்து உலகமே சிரித்தது. அங்கே தூக்கிக் கட்டினால் தப்பு, இங்கே இறக்கி விட்டால் தப்பு. இரண்டு ஊரிலும் மாணவியின் கவனம் சிதறும் என்று யாரும் சொல்வதில்லை. வேறு யாருடைய கவனமோ சிதறிவிடுமாம். அதற்கு இவள் தலையை இழுத்துக் கட்டுகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். இரட்டை ஜடை தன்னளவில் குற்றவாளி அல்ல. முழு முடியின் எடையையும் ஒரே இடத்தில் தொங்க விடுவதற்குப் பதில் இரண்டாகப் பிரிக்கிறது. தளர்வாகப் பின்னினால், உச்சியில் கட்டுகிற இறுக்கமான குதிரைவாலைவிட எவ்வளவோ மேல். குற்றம் இழுப்பில் இருக்கிறது, ஈரத்தில் இருக்கிறது, மாற்றாமல் இருப்பதில் இருக்கிறது. ஈரம் ஏன் என்றால், காலை ஆறரைக்குத் தலைக்கு ஊற்றி ஏழு இருபது பஸ்ஸைப் பிடிக்கிற வீடுகளில் முடி காய நேரம் ஏது? நனைந்த முடி ரப்பர் மாதிரி கூடுதலாக நீளும். அளவுக்கு மேல் நீண்டது பழைய நிலைக்குத் திரும்பாது. சீப்பை வைத்து வழிக்கும்போது பலவீனமாகி உடையும்.

ராணுவத்தைவிடக் கறாரான இடம் உண்டா? அமெரிக்க விமானப் படையில் பெண்கள் முடியைப் பின்னால் இறுக்கிக் கொண்டையாகத்தான் கட்ட வேண்டும் என்பது போல விதி இருந்தது. தலைவலி வருகிறது, முடி பாழாகிறது, சிலருக்குக் கொட்டியே போகிறது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சொன்னார்கள். 2021 ஜனவரியில் அறிவித்து, பிப்ரவரியிலிருந்து விதியைத் தளர்த்தினார்கள். ஒற்றைக் குதிரைவால் போடலாம், ஒன்றோ இரண்டோ பின்னல் போடலாம், தோள்பட்டை எலும்பு வரை தொங்கலாம். அந்த வருஷமே தரைப் படையும் குதிரைவாலை அனுமதித்தது. போர் விமானம் ஓட்டுகிறவர்களின் டிசிப்ளின் ஒன்றும் போய்விடவில்லை. எட்டாம் வகுப்பு பி செக்‌ஷனுக்கு மட்டும் போய்விடுமா?

தலைவலி என்றேன் இல்லையா, அது கற்பனை இல்லை. வெளியிலிருந்து இழுபடுவதால் வருகிற தலைவலி என்று சர்வதேசத் தலைவலிப் பட்டியலில் தனி இடமே இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் என்பதுதான் அதன் அடையாளம். சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்து பையை எறிந்துவிட்டு முதல் வேலையாக ரிப்பனை உருவுகிற பெண்ணைப் பார்த்து, "வந்ததும் வராததுமா தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு" என்று எத்தனை வீட்டில் திட்டியிருக்கிறோம்! அவள் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பள்ளியோடு முடிந்தால் பரவாயில்லை. படிப்பு முடிந்து ஜவுளிக் கடையில், நகைக் கடையில், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்தால் அங்கே கொண்டை. வலை போட்டு, ஹேர்பின் குத்தி, ஒரு முடி பிசிறு தெரியாமல். நின்றுகொண்டே வேலை பார்த்த கடைப் பெண்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. காலுக்கு வந்த நியாயம் தலைக்கு இன்னும் வரவில்லை. பரதநாட்டியம் ஆடுகிற பெண்களைக் கேளுங்கள், சவரி முடி, குஞ்சலம், ஜடை அலங்காரம், பூ என்று எவ்வளவு எடை தொங்குகிறது என்று சொல்வார்கள். ஆனால் அது அரங்கேற்றத்துக்கு, ஆண்டு விழாவுக்கு. தினப்படி இல்லை. என்றைக்கோ ஒரு நாள் இழுத்ததற்காக முடி கோபித்துக்கொள்வதில்லை.

அதனால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. தினம் ஒரே மாதிரி கட்டாதீர்கள். நேர் வகிடு எடுத்த மறுநாள் கோணல் வகிடு. இன்றைக்கு ஒற்றைப் பின்னல் என்றால் நாளைக்குக் கழுத்தை ஒட்டித் தாழ்வாக ஒரு கட்டு. நாளை மறுநாள் பக்கவாட்டில். வீட்டில் இருக்கிற நாளில் அகலமான க்ளிப் ஒன்றை மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். இழுப்பு ஒவ்வொரு நாளும் வேறு வேர்களுக்குப் போனால், நேற்று வேலை செய்த வேர் இன்றைக்கு ஓய்வெடுக்கும். பேங்க் கவுண்டரில் ஆள் மாற்றி உட்கார வைப்பதில்லையா, அது மாதிரி. மளிகைப் பொட்டலத்தோடு வருகிற மஞ்சள் ரப்பர் பேண்டைத் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். அவிழ்க்கும்போது பத்து முடியைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும். துணி சுற்றிய பேண்டு போதும். பூ வைப்பதானால் பின்னலின் மேல் பகுதியில் நான்கு முழத்தை ஏற்றாமல் கொஞ்சமாகத் தாழ வையுங்கள். ராத்திரி தலைவிரியாகத் தூங்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வதை மீற வேண்டியதில்லை, ஆனால் ராத்திரிப் பின்னல் தொளதொளவென்று இருக்கட்டும்.

இறுக்கமா இல்லையா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டி முடித்ததும் புருவத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். சுளீர் என்று இழுத்தால் இறுக்கம். வலிக்குது என்று பெண் சொன்னால் இறுக்கம். "வலிச்சாத்தான் நிக்கும்" என்பது என் மனைவி அவள் அம்மாவிடம் கற்றது, அவள் அம்மா அவள் பாட்டியிடம். மூன்று தலைமுறைக்கும் நெற்றி ஒரே மாதிரி ஏறியிருப்பதைப் பார்த்து இத்தனை நாள் பரம்பரை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பரம்பரைதான். ஆனால் ரத்தத்தில் வந்ததா, சீப்பில் வந்ததா என்பதுதான் கேள்வி.

எல்லா முடி உதிர்வுக்கும் ஜடையே காரணம் என்று நான் சொன்னதாக யாரும் கடிதம் போட வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, டைபாய்டோ டெங்குவோ வந்து போன இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிர்வது, இதெல்லாம் தனி. அது தலை முழுக்க உதிரும். இழுப்பால் வருவது ஓரத்தில் ஆரம்பிக்கும். ஓரத்திலா, முழுக்கவா என்று பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் போங்கள். பாட்டில் கடைக்கு அப்புறம் போகலாம்.

தினம் ஒரு மாதிரி கட்டுவது ஏதோ பாஷன் பத்திரிகை சமாசாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சங்கதி. பழந்தமிழில் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று பொருள் சொல்வார்கள். குழல், கொண்டை, பனிச்சை என்று பட்டியல் போகும். உரைக்கு உரை பட்டியல் கொஞ்சம் மாறும், ஐந்து என்ற கணக்கு மட்டும் மாறாது. கூந்தலுக்குப் பெயரே 'ஐந்து விதம்' என்று வைத்த மொழியைத்தான் நம் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் இரண்டாம் பீரியடில் படிக்கிறார்கள், ஒரே விதமாகக் கட்டிக்கொண்டு!

என் மகளின் கதைக்கு வருகிறேன். தலைமை ஆசிரியை கடைசியில், "டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டாங்க சார், பார்க்கலாம்" என்றார். கால் ஒடிந்தால் விளையாட்டுப் பீரியடுக்குக் கொடுப்போமே, அந்த மாதிரி ஒரு சர்ட்டிபிகேட். 'இந்த மாணவி தலைமுடியை இறுக்கமாகக் கட்டக் கூடாது' என்று டாக்டர் லெட்டர்பேடில் எழுதி, சீல் போட்டுக் கொடுத்தார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் ஒற்றை ஜடைக்கு அனுமதி கிடைத்தது. ரிப்பன் மட்டும் கட்டாயம். கட்டினோம். மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும் என்பதால் ஒன்றும் அவசரப்படவில்லை. நான்கு மாதத்தில் நெற்றிப்பொட்டில் கறுப்பாக, குட்டையாக, எல்லாத் திசையிலும் நட்டுக்கொண்டு முடி வந்தது. என் மகள் அதைத் தண்ணீர் தொட்டு அமுக்கப் பார்ப்பாள். அம்மா, "விடுடி, நிக்கட்டும்" என்பாள்.

போன வாரம் ராத்திரி எட்டரைக்கு ஒரு போன். அவள் கிளாஸ் பெண்ணின் அம்மா. நான்தான் எடுத்தேன். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பாப்பாவுக்கு ஜடை சர்ட்டிபிகேட் குடுத்த டாக்டர் யாருன்னு சொல்ல முடியுமா? எங்க பொண்ணுக்கும் ஒண்ணு வாங்கணும். இன்னும் நாலு பேர் கேக்கறாங்க."